விரல் நீளக் கத்தி

தூரின், 11 ஜனவரி 1987

மச்சான் அந்தினே,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று சிரிக்காதே. வாதம் வந்த கையால் எழுதுகிறேன். பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் சொன்னபடி கேட்கின்றன. மற்ற இரண்டும் கட்சி மாறிவிட்டன. ஐந்து விரல் நுனியிலும் உணர்ச்சியே இல்லை. "சுட்டாக்கூட வலிக்காது" என்று டாக்டர் ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி சொன்னார்.

நம் தீவுத் துறைமுகத்தில் நீ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. "மாப்பிள்ளைய அக்கரைக்கெல்லாம் கொண்டுபோக வேணாம், என் வீட்டுல கிடக்கட்டும்" என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் என் மகள் மல்லேனா கேட்டிருப்பாள். அவளுக்கு அப்பன் பேச்சை விட மாமன் பேச்சுதான் வேதம். நீயோ தொப்பியை ஆட்டினாய். போகட்டும், அதற்காக எழுதவில்லை.

அவள் வேலைக்குப் போகிறவள். பகலெல்லாம் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டாள். வந்த அன்றே என் கத்தியை வாங்கிக்கொண்டார்கள். உன் தங்கையை நான் கட்டிய வருஷம் நீ செய்து கொடுத்தாயே, அதே கத்தி. சிஸ்டர் ஒர்சோலா அதை விரித்துப் பார்த்தாள், சிலுவைக்குறி போட்டாள், மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

இங்கே ரொட்டி வெட்டியே வருகிறது. இறைச்சி நறுக்கி வருகிறது. ஆப்பிளைத் துருவிக் கொடுக்கிறார்கள். என் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தவன் நான். இப்போது பூனைக்கு வைக்கிற மாதிரி முன்னால் வைத்துவிட்டுப் போகிறார்கள். தொண்டையில் இறங்கவில்லை, மச்சான்.

சிஸ்டரிடம் கெஞ்சினேன். கடைசியில் ஆள்காட்டி விரலை மேசைமேல் நீட்டி, "இந்த நீளத்துக்குள்ள பழம் வெட்டுற கத்தி ஒண்ணுன்னா வச்சுக்கோங்க தாத்தா. இதுக்கு மேல கேக்காதீங்க" என்றாள். பாவி, குட்டை விரல். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மேசையில் கோடு போட்டு, நூல் வைத்து அளந்தேன். அந்த நூலைத்தான் இதில் வைத்திருக்கிறேன்.

அதே கத்தி எனக்கு வேண்டும், ஆனால் சின்னதாக. மிர்த்துச் செடியின் இலை மாதிரி நுனி ஒடுங்கின அதே அலகு, அதே கடாக் கொம்புப் பிடி, கழுத்தில் அதே பித்தளை வளையம். ஆட்டுக்குட்டி அச்சு அசலாகத் தாயைப் போலவே இருக்குமே, அப்படி. கடையில் சின்னக் கத்தி கிடைக்காதா என்று கேட்காதே. மல்லேனா ஒன்று வாங்கி வந்தாள், சிவப்பு பிளாஸ்டிக்கில். குப்பையில் போட்டேன்.

பாக்கிஸ்


பட்டாடா, 25 ஜனவரி 1987

மாப்பிள்ளை,

உன் கடிதத்தைப் பட்டறையிலேயே பிரித்தேன். நூல் கீழே விழுந்து, இரும்புத் தூளுக்குள் அதைத் தேடுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. கன்னியாஸ்திரியின் விரலை நான் இப்படித் தேடினேன் என்று ஊரில் சொன்னால் என்னைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

தொப்பியைப் பற்றி எழுதியிருக்கிறாய். என் வீட்டில் என்ன இருக்கிறது? இரண்டு அறை, ஒரு அடுப்பு, மாடிப்படி நட்டுக்குத்தாக. உன்னைத் தூக்கி உட்கார வைக்க எனக்கு இடுப்பு இருக்கிறதா? "மாமா, நீங்க தடுக்காதீங்க, எனக்கு ஏற்கனவே பாதி உயிர் போயிடுச்சு" என்று மல்லேனா அன்று காலையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் என்ன செய்ய? தொப்பியை ஆட்டினேன்.

கத்தி விஷயத்துக்கு வருகிறேன். சின்னக் கத்தி என்றால் பெரிய கத்தியைச் சுருக்குவது என்று நினைக்கிறாய். அப்படிச் சுருக்கினால் அது பொம்மை. அலகு குறையும், ஆனால் உன் உள்ளங்கை குறையாதே! பிடியைக் கொஞ்சம் கனமாக வைக்க வேண்டும், மடக்கும் ஆணியைத் தளர்வாக அடிக்க வேண்டும், உன் மூன்று விரலுக்கு அடங்க வேண்டும். அப்படியும் பார்த்தவுடன் "அட, அதே கத்தி" என்று தோன்ற வேண்டும். செய்கிறேன். உனக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப் போகிறேன்?

உன் கிடையை வாங்கினவன் ஆடுகளை மேற்குச் சரிவுக்கு மாற்றிவிட்டான். பாதாம் பூத்துவிட்டது. காற்று ஒரு நாள் அடித்தால் எல்லாம் தரையில்தான்.

நன்றாகச் சாப்பிடு.

அந்தினே


தூரின், 6 பிப்ரவரி 1987

மச்சான்,

"நன்றாகச் சாப்பிடு" என்று எழுதியிருக்கிறாய். கத்தியை அனுப்பு, சாப்பிடுகிறேன்.

பக்கத்துக் கட்டில்காரர் திங்கட்கிழமை போய்விட்டார். காலையில் காபி கொண்டுவந்த பெண் அவரை எழுப்பினாள், எழவில்லை. என்னைப் பார்த்து, "தாத்தா, நீங்க குடிச்சிருங்க, ஆறிடும்" என்றாள். குடித்தேன். இங்கே இப்படித்தான். வரிசையில் எனக்கு முன்னால் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எனக்கும் சீக்கிரம் முடிந்தால் சரி என்று சில நாள் தோன்றுகிறது. ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம். எதிரே இருக்கும் சுவர்கூடத் தெரிவதில்லை. இந்த ஊருக்கு வாசனையே இல்லை, மச்சான். ஆட்டுப் புழுக்கை வாசனைக்கு ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன்.

என் பெயர் இங்கே யாருக்கும் தேவையில்லை. எல்லோருக்கும் நான் தாத்தா. ரொக்கோ என்று தெற்கே கலாப்ரியாவிலிருந்து வந்த ஒருவன் இருக்கிறான், கொத்தனாராக இருந்தவன். அவன் மட்டும்தான் "என்ன தீவுக்காரா, வாள் எங்க? கப்பல்ல வருதா?" என்று தினமும் கேட்டுக் கழுத்தறுக்கிறான். கேட்கட்டும். ஒருவனாவது கேட்கிறானே.

கத்தியை நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன். சிஸ்டர் நாளைக்கு மனசு மாறினாலும் மாறுவாள். அதனால் காலுறைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அங்கே யாரும் தேட மாட்டார்கள்.

சீக்கிரம் செய். தாமதமானால் பிறகு எனக்கு வேண்டியிருக்காது.

பாக்கிஸ்


பட்டாடா, 1 மார்ச் 1987

மாப்பிள்ளை,

கோபப்படாதே. கொம்பு சரியில்லை. ஒரு துண்டு எடுத்து அறுத்தேன், உள்ளே விரிசல். இன்னொன்றில் நிறம் ஒத்துவரவில்லை. இந்தக் குளிரில் பட்டறையில் உட்காரவும் முடியவில்லை.

போன வாரம் மல்லேனா காபிக் கடைக்குப் போன் செய்தாள். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நன்றாகத்தான் பேசினாள். நீ இளைத்துவிட்டாய் என்றாள்.

நீ இரவில் தூங்குகிறாயா? ஜெபமாலை வைத்திருக்கிறாயா? என் தங்கையுடையது உன்னிடம்தானே இருக்கும். அதைச் சொல்லிப் பார். நான் ஜெபத்துக்குச் சிபாரிசு செய்கிறேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள். சிரிக்காதே. அங்கே பேசுவதற்குப் பாதிரியார் யாராவது வருகிறாரா? மனசில் இருப்பதை அந்த ரொக்கோவிடமாவது சொல்லலாம். எனக்கும் எழுதலாம். என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

ஒன்று தோன்றியது. ஒரு நல்ல கைத்தடி செய்து அனுப்பட்டுமா? பிடியில் கடாக் கொம்பு வைத்து. அதைப் பார்த்தால் அந்த ரொக்கோ வாயடைத்துப் போவான்.

அந்தினே


தூரின், 9 மார்ச் 1987

அந்தினே,

கைத்தடியா? நடக்கிறவனுக்குத்தான் கைத்தடி. நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா?

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்கிறது உன் அக்கறை. தூங்கினேனா, ஜெபித்தேனா, பாதிரியாரைப் பார்த்தேனா! நான் உன்னிடம் கேட்டது ஒரு கத்தி. கொம்பில் விரிசலாம். உன் பட்டறைப் பரணில் எத்தனை கொம்பு கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் பாதி என் கடாக்களுடையது. சாக்குப்போக்கை வேறு யாரிடமாவது சொல்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேள். ஈஸ்டருக்கு மல்லேனா வருகிறாள். அன்றைக்கு வீட்டு மனிதர்கள் கூட உட்கார்ந்து சாப்பிடலாம். சிஸ்டரிடம் பேசிவிட்டேன். "எங்க மேசைக்கு முழு ரொட்டியும் முழு பாலாடைக்கட்டியும் வேணும், வெட்டக் கூடாது" என்றேன். "யாரு வெட்டுவா?" என்றாள். "நான்" என்றேன். சிரித்தாள். ஆனால் சரி என்றுவிட்டாள். நம் வீட்டில் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். பெரியவன் தன் கத்தியை விரிக்கும் வரை யாரும் ரொட்டியைத் தொட மாட்டார்கள். முதல் துண்டு கத்தி முனையில் போகும், மகளுக்கு. இவர்களுக்கு அதை ஒருமுறை காட்ட வேண்டும். நான் அறை எண் போட்ட கட்டில் இல்லை, ஒரு வீட்டுக்குத் தலைவன் என்று காட்ட வேண்டும்.

ரொக்கோவிடமும் சொல்லிவிட்டேன். அவன் மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டான். இனிப் பின்வாங்க முடியாது.

கத்தி வராவிட்டால் எனக்கு எழுதாதே.

பாக்கிஸ்


பட்டாடா, 10 ஏப்ரல் 1987

மாப்பிள்ளை,

முடித்துவிட்டேன். பார்சலில் கத்தி, எண்ணெய்த் துணியில் சுற்றி. கூடவே ஒரு பாலாடைக்கட்டி, உன் பழைய ஆடுகளின் பாலில் செய்ததுதான். புதுக் கிடைக்காரனிடம் கேட்டு வாங்கினேன்.

அளவு நூலுக்கு ஒரு மயிரிழை குறைவு. கொம்பு உன் வெள்ளைக் கடாவுடையது, அந்த முரட்டுப் பயல். வேலிக் கம்பத்தில் முட்டி ஒரு பக்கம் கறுத்துப் போயிருந்ததே, அந்தக் கறுப்பு பிடியின் அடியில் தெரியும். ஆணி தளர்வு. ஒற்றை விரலால் விரிக்கலாம்.

பழக்கம் உனக்குத் தெரியும். புதுக் கத்தியைச் சும்மா விரித்துப் பார்க்கக் கூடாது. பண்டிகை மேசையில்தான் முதல்முறை. அதுவரை மடித்தே இருக்கட்டும்.

மெதுவாகப் பிடி. அவசரப்படாதே. கையை நம்பி ரொம்ப அழுத்தாதே.

மல்லேனாவுக்கு என் அன்பு.

அந்தினே


தூரின், 27 ஏப்ரல் 1987

மச்சான்,

உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கத்தியில் ஒரு குறையும் இல்லை. பண்டிகைக்கு முந்தின நாள்தான் பார்சல் வந்தது. மடித்தபடியே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடினால் அதே கத்தி, ஆனால் நான் சின்னப் பையனாக இருந்தபோது அதைப் பிடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும், அந்த மாதிரி. இல்லை, சரியாகச் சொல்ல வரவில்லை. அழுதேன் என்று வைத்துக்கொள். சிஸ்டர் விரிக்காமலே விரலை வைத்து அளந்து பார்த்து, "அடடா, எவ்ளோ அழகா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். காலுறைக்குள் ஒளிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

ஈஸ்டர் அன்று சவரம் செய்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டேன். மல்லேனா வந்தாள். ரொக்கோவுக்கு யாரும் வரவில்லை, அவனையும் எங்கள் மேசையிலேயே உட்கார வைத்தேன். மற்ற மேசைகளும் எங்களையே பார்த்தன. அவன்தான் தம்பட்டம் அடித்திருந்தானே.

நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றேன். விரித்தேன். அலகைப் பெருவிரலால் தடவிப் பார்க்கவில்லை. தடவினாலும் என் விரலுக்குத் தெரியாது, அது வேறு விஷயம். உன் பட்டறைக் கத்தியைத் தடவிப் பார்ப்பது உன் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம், அதை நான் என்றைக்கும் செய்ததில்லை.

பாலாடைக்கட்டியில் வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினேன். கத்தி மேலேயே வழுக்கிக்கொண்டு போயிற்று. கை உதறியது. கட்டி தட்டோடு சாய்ந்து, தரையில் விழுந்து, பக்கத்து மேசைக்கு அடியில் உருண்டு போயிற்று. யாரோ ஒரு கிழவி எடுத்துக் கொடுத்தாள். ரொட்டியை வெட்டிப் பார்த்தேன். மேல்தோலில் ஒரு கீறல், அவ்வளவுதான். ரொக்கோகூடச் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விடுங்கப்பா. கை நடுங்குது. நான் பண்றேன்" என்று மல்லேனா என் கையிலிருந்து கத்தியை எடுத்து மடித்தாள். நான் உட்கார்ந்த மேசையில் என் கத்தியை வேறு ஒருவர் என்றைக்கும் மடித்ததில்லை. சமையலறைக் கத்தி கொண்டுவரச் சொல்லி, அவளே வெட்டி, என் தட்டில் வைத்தாள். சின்னச் சின்னத் துண்டாக. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்க்கு எட்டியது, கைக்குத்தான் எட்டவில்லை.

ஆக, கை போய்விட்டது, மச்சான். மூன்று விரல் மிச்சம் என்று இத்தனை மாதம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பிடிக்கத் தெரிகிறது, எழுதத் தெரிகிறது, ஆனால் உள்ளே பலம் இல்லை. பாலாடைக்கட்டியை வெட்டப் பலம் இல்லாதவனுக்கு வேறு எதற்குப் பலம் இருக்கும்?

நீ பட்ட பாடெல்லாம் வீணாகப் போயிற்று. மன்னித்துக்கொள். கத்தி அருமையான கத்தி.

பாக்கிஸ்


பட்டாடா, 5 மே 1987

மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது.

ஒரு நாளில் எதையும் முடிவு கட்டாதே. பாலாடைக்கட்டி நன்றாக முற்றினது, அதை இரும்புக் கையனாலும் வெட்ட முடியாது. நான்தான் இளசாகப் பார்த்து அனுப்பியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. கையை விட்டுவிடாதே. ஒரு பந்தை வைத்துப் பிசை. சாப்பாட்டை மட்டும் நிறுத்தாதே, சிஸ்டர் ஊட்டினாலும் சாப்பிடு. அதில் என்ன அவமானம்?

இங்கே வெயில் வந்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் சரியில்லை.

அந்தினே


தூரின், 20 மே 1987

அந்தினே அவர்களுக்கு,

நான் ரொக்கோ எழுதுகிறேன். பாக்கிஸ் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார்.

அவர் சொல்வது: "நான் மூணாம் மாடிக்குப் போயிட்டேன். ஊட்டி விடுற மாடி. நானேதான் கேட்டுப் போனேன். கையை மடியில வச்சிருக்கேன். பந்தெல்லாம் வேணாம். அந்தினேய எழுத வேணாம்னு சொல்லு, பதில் எழுத ஆளத் தேடணும்."

அவ்வளவுதான் சொன்னார். நான் என் சார்பில் ஒன்று எழுதுகிறேன், அவருக்குத் தெரியாது. ஈஸ்டருக்கு முன்னால் இந்த மனுஷன் எங்கள் எல்லோரையும் கலாய்த்துக்கொண்டு திரிந்தார். நாள்காட்டியில் ஈஸ்டர் வரைக்கும் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டு வந்தார். ஒரு தட்டு பாஸ்தாவை முழுசாகத் தின்றதைக்கூடப் பார்த்தேன். இப்போது ஸ்பூன் வந்தால் வாயைத் திறக்கிறார், வராவிட்டால் திறப்பதில்லை. கத்தியை எனக்குக் கொடுத்துவிட்டார். இன்னொருத்தர் கத்தியை நான் விரிக்க மாட்டேன், அப்படியே வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து பார்த்தால் நல்லது.


பட்டாடா, 29 மே 1987

மாப்பிள்ளை,

இதை ரொக்கோ படித்துக் காட்டினால் காட்டட்டும். அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

உன் கை போகவில்லை. கத்திக்குக் கூர் இல்லை.

நான்தான் சாணை பிடிக்காமல் அனுப்பினேன். கடைசி வேலை அதுதான், அதைச் செய்யவில்லை. ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றி, பார்க்கக் கூர் போலத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டேன். உலகத்தில் எந்தக் கையாலும் அதை வைத்து வெண்ணெயைத் தவிர வேறு எதையும் வெட்ட முடியாது.

பிப்ரவரியில் மல்லேனா போனில் அழுதாள். "மாமா, அப்பா சாப்பிடறதே இல்ல. சீக்கிரம் முடிஞ்சா தேவலன்னு நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கார். நீங்க அவருக்கு எந்தக் கத்தியும் அனுப்பாதீங்க, உங்க கால்ல விழறேன்" என்றாள். உன் கடிதத்தை நான் மறுபடி எடுத்துப் படித்தேன். வரிசை குறைகிறது, காலுறைக்குள் ஒளித்துவைப்பேன், தாமதமானால் வேண்டியிருக்காது. நான் என்ன நினைப்பேன், சொல்? கைத்தடி என்று மென்று முழுங்கினேன். நீ விடவில்லை. பிறகு ஈஸ்டர் என்று எழுதினாய். அனுப்பாமல் இருக்கவும் மனசு வரவில்லை, அனுப்பவும் பயம். இரண்டுக்கும் நடுவில் இந்தக் கேவலமான புத்தி வந்தது. மல்லேனாவிடம் சொன்னேன், அவளும் சரி என்றாள். மேசையில் வைத்துப் பார்த்தாலே உனக்குப் போதும் என்று இருவரும் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். வெட்டவில்லை என்றால் உடனே என்னைத் திட்டி எழுதுவாய், "என்னடா மொண்ணைக் கத்தி" என்பாய், கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். உன் கையைச் சந்தேகப்படுவாய், என்னைச் சந்தேகப்பட மாட்டாய் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஈஸ்டர் அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள். "அப்பா தன் கை போயிடுச்சுன்னு நம்பிட்டார் மாமா. சொல்லிடலாமா?" என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். அப்புறம் பந்தைப் பிசை என்று எழுதினேன். என் கையால் எழுதினேன்.

கத்தியைத் திருப்பி அனுப்பு, ஒரே நாளில் கூர் வைத்துத் தருகிறேன். இல்லை, நானே வருகிறேன். கப்பல் விசாரித்துவிட்டேன். நீ சரி என்று ஒரு வார்த்தை சொல்.

அந்தினே


தூரின், 21 ஜூன் 1987

அந்தினே,

இதை நானே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. இரண்டு மாதம் மடியில் போட்டுவைத்த கை இப்போது நிஜமாகவே மறந்துபோயிருக்கிறது.

ரொக்கோ உன் கடிதத்தைப் படித்தான். பாதியில் நிறுத்தி, "தொடரட்டுமா?" என்று கேட்டான். தொடரச் சொன்னேன். படித்து முடித்ததும் எழுந்து போய் பால்கனிக் கல்லில் கத்தியைத் தேய்க்க ஆரம்பித்தான். கொத்தனார் அல்லவா, கல்லைப் பற்றித் தெரியும். சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு ஆப்பிளும் கொடுத்தான். கத்தி இறங்கிற்று. ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாக நாலாக வெட்டினேன். பார்க்க யாருமில்லை. சிஸ்டர் கீழே இருந்தாள். மல்லேனா வரவில்லை, வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தேன். ஒரு துண்டை வாயில் வைத்தேன். ஆப்பிள் மாதிரிதான் இருந்தது.

இரண்டாம் மாடிக்குத் திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். என் கட்டிலில் வேறு ஆள் வந்துவிட்டாராம்.

நீங்கள் இருவரும் பயந்தது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் எனக்கு அந்த நினைப்பு இருந்தது. ஜனவரியில் உனக்கு நூலை வைத்துக் கடிதம் போட்டேனே, அன்றைக்குத்தான் அது விட்டுப் போயிற்று. கத்தி வரும், எப்படியிருக்கும், பிடியில் எந்தக் கொம்பு வைப்பான், முதல் துண்டை அவளுக்குக் கொடுக்கும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே மூன்று மாதம் ஓடிவிட்டது. சாக நேரமே இல்லை எனக்கு. பிப்ரவரியில் புலம்பி எழுதினேன், ஆமாம். அது உன்னை அவசரப்படுத்த. இழுத்தடிக்கிறவனிடம் வேறு எப்படி எழுதுவது? காலுறையும் அதற்குத்தான், சிஸ்டருக்குப் பயந்து.

இப்போது அந்த நினைப்பு திரும்பி வந்திருக்கிறதா என்று கேட்காதே. வந்திருந்தாலும் கத்திக்கு அதில் வேலை இல்லை. கத்தி ரொக்கோவிடமே இருக்கிறது. ஆப்பிள் வந்தால் கொண்டுவருகிறான், வெட்டியதும் எடுத்துக்கொண்டு போகிறான். நானேதான் அப்படிச் செய்யச் சொன்னேன். உனக்கும் அவளுக்கும் நிம்மதியாக இருக்கும்.

கப்பலேறி வராதே. வந்தால் நீ என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாய். நானும் அழுவேன். சிஸ்டர் வந்து நம் இருவருக்கும் சூப் ஊட்டுவாள்.

நீயும் அவளும் என்மேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். நான் கத்தி கேட்டதும் சாகத்தான் கேட்கிறேன் என்று இருவருக்கும் ஒரே நாளில் புரிந்துவிட்டது. பசிக்கிறது, அதனால் கேட்கிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே, மச்சான்.

பாக்கிஸ்